பழைய வருடத்து வருமான வரி ரீஃபண்ட்: கெடு தாண்டிய பிறகும் கேட்டு வாங்குவது எப்படி?

அம்மாவுக்கு வங்கி வைப்புநிதி வட்டிதான் வருமானம். 2021-22 நிதியாண்டில் வட்டி 84,000 ரூபாய். வங்கி 8,400 ரூபாயை டிடிஎஸ்ஸாக, அதாவது வட்டி தரும்போதே கழிக்கும் வரியாக, பிடித்துவிட்டது. 'எனக்கு வரி வராது' என்று மூத்த குடிமக்கள் எழுதித் தரும் 15ஹெச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் அப்பா மருத்துவமனையில் இருந்த வருடம் அது. படிவமும் கொடுக்கவில்லை, வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்யவில்லை. வரி கட்டவே தேவையில்லாதவரின் பணம் இது, விட்டுவிடக் கூடாது.

முதலில் வருமான வரி இணையதளத்தில் நுழைந்து அந்த வருடத்துப் படிவம் 26ஏஎஸ்ஸைத் திறங்கள். உங்கள் பெயரில் பிடித்த வரியெல்லாம் அதில் இருக்கும். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் வங்கியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து கெடு. 2024 அக்டோபர் 1-இல் வந்த வருமான வரித் துறையின் 11/2024 சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 5 ஆண்டுகளுக்குள், தாமதத்தைப் பொறுக்கும்படி விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் மதிப்பீட்டு ஆண்டு 2022-23. அது 2023 மார்ச் 31-இல் முடிந்தது. ஆகவே 2028 மார்ச் 31 வரை நேரம் உண்டு.

இங்கே பலர் தவறுவது ஒன்று உண்டு. 'பழைய வருடமா, ஐடிஆர்-யு போடலாம்' என்பார்கள். அது கெடு முடிந்த பிறகு கணக்கைப் புதுப்பித்துப் போடும் படிவம், அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. நமக்கு வேண்டியது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவு, அதாவது தாமதத்தைப் பொறுத்து அனுமதி தரும் பிரிவு.

சரி, விண்ணப்பம். இணையதளத்தில் 'சர்வீசஸ்' பகுதியில் 'கண்டோனேஷன் ரிக்வெஸ்ட்' இருக்கும். அதில், கெடு முடிந்த கணக்கைத் தாக்கல் செய்ய அனுமதி கேட்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை ஆணையர் நிலையிலேயே முடிவு செய்துவிடுவார்கள்.

உயிரே காரணத்தில்தான் இருக்கிறது. 'சூழ்நிலை காரணமாக முடியவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதாது. நாங்கள் எழுதியது இப்படி: 'என் கணவர் சிகிச்சையில் இருந்தார், உடனிருந்து கவனித்தது நான் மட்டுமே. டிஸ்சார்ஜ் சம்மரி இணைத்துள்ளேன். என் ஒரே வருமானம் வட்டி 84,000 ரூபாய், வரி பூஜ்யம், பிடித்த 8,400 ரூபாயைத் திரும்பக் கோருகிறேன்.' தேதி, தொகை, சான்று மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வங்கியின் வட்டிச் சான்றிதழையும் 26ஏஎஸ் நகலையும் கூடவே இணையுங்கள்.

கூடுமானவரை, விண்ணப்பம் கிடைத்த மாதம் முடிந்து 6 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. அதுவரை பொறுமை வேண்டும். இடையில் நோட்டீஸ் வந்தால் பயப்படாதீர்கள். விளக்கம் கேட்பார்கள், கொடுத்தால் போதும்.

உத்தரவு வந்ததும் வேலை முடிந்தது என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். அது அனுமதி மட்டும்தான். அப்புறம் அந்த மதிப்பீட்டு ஆண்டுக்கான ஐடிஆரை, அதாவது வருமான வரிக் கணக்கை, 119(2)(பி) பிரிவைத் தேர்ந்தெடுத்து, உத்தரவின் எண், தேதியோடு தாக்கல் செய்து, 30 நாளுக்குள் இ-வெரிஃபை (இணையத்திலேயே உறுதி) செய்ய வேண்டும். பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா, வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்டதாகக் காட்டுகிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். தாமதமான இந்த ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது. 8,400 என்றால் 8,400தான் வரும்.