புவிவெப்பக் கிணற்றின் பாறைத் துகள்களைப் படிக்கும் முறை

எரிமலைப் பகுதியில் புவிவெப்பக் கிணறு துளைக்கும்போது, ஆழத்தில் என்ன பாறை இருக்கிறது, அது எவ்வளவு சூட்டைக் கண்டிருக்கிறது என்பதைத் துளைக்கும்போது கிணற்றில் சுழலவிடும் திரவத்தோடு மேலேறி வரும் துகள்களே முதலில் தெரிவிக்கின்றன. ஐஸ்லாந்தின் கிராஃப்லா, ஹெல்லிஷெய்டி போன்ற பசால்ட் (கருநிற எரிமலைப் பாறை) புலங்களில் பின்பற்றப்படும் முறை இது.

அங்கே வழக்கமாக 2 மீட்டருக்கு ஒரு மாதிரி எடுக்கிறார்கள். துகள் அடியிலிருந்து மேலே வந்து சேர நேரம் பிடிப்பதால், அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டு ஆழத்தைத் திருத்திய பிறகே பதிவு செய்ய வேண்டும். சேற்றைக் கழுவிவிட்டு, ஈரம் காயும் முன்பே இருவிழி நுண்ணோக்கியில் பாருங்கள். காய்ந்த துகளில் நிறமும் படிக விளிம்பும் மங்கிவிடும்.

முதலில் பாறையின் வகையை உறுதி செய்யுங்கள். லாவா படலத்தின் நடுப்பகுதி படிகம் நிறைந்து கெட்டியாக இருக்கும். மேற்பகுதி குமிழ்த்துளைகளோடு, பெரும்பாலும் செம்மை படர்ந்திருக்கும். பனிப்பாறைக்கு அடியில் வெடித்த எரிமலை தந்த ஹயலோகிளாஸ்டைட்டில் கண்ணாடிச் சில்லுகளே மிகுதி. சுற்றிலும் உள்ள பாறை வெந்நீரால் நன்றாக மாறியிருக்க, அதனிடையே அடர்த்தியாகவும் புதிதாகவும் தெரிகிற துகள்கள் ஊடுருவுப் பாறையை, அதாவது பழைய பாறைக்குள் பாறைக்குழம்பு புகுந்து உறைந்ததை, சேர்ந்தவையாக இருக்கலாம். இவற்றைக் கவனமாகக் குறித்து வையுங்கள், ஏனெனில் வெந்நீர் பெரும்பாலும் இவற்றின் ஓரத்து வெடிப்புகளில்தான் ஓடுகிறது. மற்றவை எல்லாம் மாறிவிட்ட ஆழத்தில் சற்றும் மாறாத கண்ணாடி வருமானால் உடனே எச்சரிக்கை தேவை. 2009-இல் கிராஃப்லாவில் ஐஸ்லாந்து ஆழத் துளைப்புத் திட்டத்தின் ஐடிடிபி-1 கிணறு சுமார் 2,100 மீட்டரில் பாறைக்குழம்பைத் தொட்டபோது, உறைந்த சிலிக்காச் செறிவுள்ள கண்ணாடியே மேலே வந்தது.

அடுத்து, கனிம மாற்றம், அதாவது வெந்நீரால் பாறையின் பழைய கனிமங்கள் சிதைந்து புதியவை உருவாவது. பசால்ட்டில் உள்ளவற்றில் கண்ணாடியும் ஒலிவினும் முதலில் மாறுகின்றன. பிளாஜியோகிளேசும் பைராக்சீனும் அதற்குப் பின்னரே மாறுகின்றன. புதிதாக உருவாகும் கனிமங்களில், ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமமும் பெரும்பாலான சியோலைட்டுகளும் 200 பாகை செல்சியசுக்குக் கீழான வெப்பத்தைக் காட்டுகின்றன. குவார்ட்சு ஏறத்தாழ 180 பாகைக்கு மேலும், குளோரைட் 230 பாகையை ஒட்டியும், பிஸ்தா நிற எபிடோட் 230 முதல் 250 பாகைக்குள்ளும், ஆக்டினோலைட் சுமார் 280 பாகையிலும் தோன்றுகின்றன. ஏறத்தாழ 290 பாகைக்கு மேல் கால்சைட் மறைந்துவிடும். களிமண் கனிமங்களைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் சோதனையில், கிளைக்கால் ஊட்டிய ஸ்மெக்டைட்டின் அடுக்கிடைவெளி சுமார் 17 ஆங்ஸ்ட்ராமுக்கு விரியும், குளோரைட்டோ விரியாது.

ஆனால் ஒரு கனிமத்தின் பெயரைவிட அது படிந்த வரிசை அதிகம் சொல்லும் என்பதே என் கருத்து. உடைந்த ஒரு குமிழ்த்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டிப் பச்சைக் களிமண், அதன்மேல் குவார்ட்சு, அதன்மேல் எபிடோட் என்று உள்நோக்கிப் படிந்திருந்தால், அந்த இடம் படிப்படியாகச் சூடேறியிருக்கிறது. எபிடோட்டின் மேல் லாமோன்டைட் போன்ற குறைந்த வெப்பச் சியோலைட் படிந்திருந்தால், அது பின்னர் குளிர்ந்திருக்கிறது. தகட்டு வடிவக் கால்சைட் நீர் கொதித்ததற்கான அடையாளம். பைரைட் மிகுந்திருந்தால் அங்கே நீரோட்டம் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அது பழைய ஓட்டமாகவும் இருக்கலாம் என்பதால், துளைக்கும்போது சுழல் திரவம் பாறை வெடிப்புகளுக்குள் கசிந்து இழக்கப்பட்ட ஆழங்களோடு ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கனிமங்கள் கடந்த காலத்து வெப்பத்தைத்தான் தாங்கி நிற்கின்றன. துளைப்பு முடிந்து கிணறு மீண்டும் சூடேறியபின் அளந்த வெப்பநிலையை, கனிமங்கள் காட்டும் வெப்பநிலையோடு ஒரே வரைபடத்தில் வரையுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் புலம் சமநிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். அளந்தது குறைவாக இருந்தால் அந்தப் பகுதி ஆறிக்கொண்டிருக்கிறது; கூடுதலாக இருந்தால் வெப்பம் அண்மையில்தான் வந்திருக்கிறது, கனிமங்கள் அதற்கேற்ப மாற இன்னும் அவகாசம் கிடைக்கவில்லை. எபிடோட் தென்பட்டவுடனே உற்பத்தியை எதிர்பார்த்து, கிணற்றுச் சுவரைக் காக்க இறக்கும் உறைக்குழாயின் ஆழத்தை அதை மட்டுமே நம்பி முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.