பழைய வீட்டில் புதைந்திருக்கும் குழாய்களின் தடத்தைக் கண்டறிவது எப்படி?

பழைய வீடுகளுக்குக் குழாய் வரைபடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், பின்னாளில் குளியலறையை இடம் மாற்றியதும் சமையலறையை நீட்டியதும் அதில் இருக்காது. ஆகவே கடப்பாரையை எடுப்பதற்கு முன், தண்ணீரை ஊற்றியும் ஆழத்தை அளந்தும் தடத்தைக் கணித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வீட்டின் தரைப்படத்தை வரைந்து, கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தொட்டி, மழைநீர்க் குழாய் என நீர் இறங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறியுங்கள். அடுத்து, வெளியே உள்ள சேம்பர் (கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்ப்பதற்கான தொட்டி) மூடிகளைத் தேடிக் குறியுங்கள். குழாய் திரும்பும் இடத்திலும் இரண்டு குழாய்கள் சேரும் இடத்திலும் சேம்பர் கட்டுவது வழக்கம். அத்தகைய இடத்தில் மூடி தென்படவில்லையெனில், மண்ணுக்கோ பின்னர் பதித்த தளக்கல்லுக்கோ அடியில் அது மறைந்திருக்கலாம்.

மூடியைத் திறந்ததும் குனிந்து பார்க்காமல், காற்றோட்டத்திற்குச் சற்று நேரம் விடுங்கள். சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, செறிவு கூடும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும் என்பதால், நாற்றம் இல்லை என்பதை நம்பி எவரும் உள்ளே இறங்கக் கூடாது. அருகில் தீயும் கூடாது.

பிறகு ஒரு வாளித் தண்ணீரில் உணவுச் சாயத்தைக் கரைத்து ஓரிடத்தில் மட்டும் ஊற்றுங்கள். மற்றொருவர் சேம்பருக்கு அருகில் நின்று, எந்தத் துளை வழியாக நிறம் வருகிறது என்று கவனிக்கட்டும். தண்ணீர் தெளிந்த பின்னரே அடுத்த இடத்தில் ஊற்ற வேண்டும். எந்தச் சேம்பரிலும் நிறம் வரவில்லையெனில், தனி உறிஞ்சுகுழி, கண்ணில் படாத சேம்பர், அடைப்பு, உடைந்த குழாய் ஆகிய நான்கையும் ஐயப்பட வேண்டும்.

சாயம் இணைப்பைக் காட்டும். ஆழம்தான் தடத்தை உறுதிசெய்யும். தரை மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், மூடியிலிருந்து அளக்காமல், கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக்குழாயால் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) சுவரில் ஒரே மட்டத்தைக் குறித்து, அதிலிருந்து குழாயின் அடிப்பகுதி வரை அளவெடுங்கள். 8 மீட்டர் இடைவெளியுள்ள இரு சேம்பர்களில் ஒன்றின் ஆழம் 65 செ.மீ., மற்றொன்றின் ஆழம் 85 செ.மீ. எனில், வாட்டம், அதாவது சரிவு, 40-க்கு 1 (40 செ.மீ. நீளத்திற்கு 1 செ.மீ. இறக்கம்). விட்டம் 100 மி.மீ. உள்ள கழிவுநீர்க் குழாய்க்கு இது பொருத்தமானதே. வரும் குழாயின் மட்டம் எதிர்பார்த்ததைவிட மிகவும் தாழ்ந்திருந்தால், இடையில் இன்னொரு சேம்பரோ செங்குத்தான இறக்கமோ இருக்கக்கூடும்.

குடிநீர்க் குழாய்க்கு வாட்டம் தேவையில்லை என்பதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. இரும்புக் குழாயாயின் தடங்காட்டும் கருவியால் தரைக்கு மேலிருந்தே தேடலாம். பி.வி.சி. அதற்கு அகப்படாது. அது கழிவுநீர்க் குழாயானால், சமிக்ஞை அனுப்பும் கேமராவை உள்ளே செலுத்தக்கூடிய பிளம்பரை அழைப்பதே நல்லது.

எஞ்சிய ஐயங்களுக்கு மட்டும், மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ செல்கிறதா என விசாரித்துவிட்டு, கையால் சிறு குழி தோண்டிப் பாருங்கள். நார் தெரியும் சாம்பல்நிறச் சிமென்ட் குழாய் வெளிப்பட்டால் அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்ததாக இருக்கலாம். அதை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். குழியை மூடுமுன், வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து குழாய் வரையுள்ள தூரத்தையும் அதன் ஆழத்தையும் அளந்து தரைப்படத்தில் எழுதிவிடுங்கள்.