திருகோணமலையில் மேடையேறும் பேஸ் கலைஞர் கிற்றாரையும் துணைக்கருவிகளையும் தெரிவுசெய்வது எப்படி

பேஸ் கிற்றார் வாங்க எண்ணுபவர், கடைக்குப் போவதற்கு முன்பு, தாம் எந்தெந்த இடங்களில் வாசிக்கப்போகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. திருகோணமலையில் வாசிப்பவருக்கு அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் அமையும்: மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளில் பயணிகளுக்கான இசை, கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இன்னிசை நிகழ்ச்சிகள், நகரத்துத் திருமண மண்டபங்கள், தேவாலய ஆராதனைகள், மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்து மைதான மேடைகள். இந்த இடங்கள் எல்லாவற்றிலும் கலைஞர் எதிர்கொள்பவை உப்புக் காற்று, ஏறி இறங்கும் மின்சாரம், ஒவ்வோர் இரவும் வேறு யாரோ கொண்டுவந்து இறக்கும் சவுண்ட் சிஸ்டம் ஆகியவையே. பெரிய கடைகளும் தேர்ந்த திருத்துநர்களும் சுமார் 260 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்பில் இருக்கிறார்கள். ஆகவே இங்கே வாசிப்பவரின் கருவி எளிதில் பழுதாகாததாகவும், பழுதானால் ஒரு திருப்புளியும் ஈயப்பற்றுக் கோலும் கொண்டு உள்ளூரிலேயே சரிசெய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பெயரும் அழகும் அதற்குப் பிறகு வரட்டும்.

நான்கு கம்பியா, ஐந்து கம்பியா

நான்கு கம்பிக் கிற்றாரின் மிகத் தாழ்ந்த சுரம் ஈ. ஆர்மோனியக் கணக்கில் மூன்று கட்டை, அதிர்வெண் சுமார் 41 ஹேர்ட்ஸ். பாடகர் ஒரு கட்டையிலோ இரண்டு கட்டையிலோ பாடும்போது ஆதார சுரம் அதற்குக் கீழே போய்விடுவதால், அதை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றித்தான் வாசிக்க முடியும். பாட்டின் அடித்தளம் அங்கே மெலிந்து விடுகிறது. திரைப்பாடல்களை வாசிக்கும் குழுக்களில், பாடகரின் தொண்டை நிலையைப் பார்த்து மேடையிலேயே அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்குவது வழக்கம் என்பதால், இந்தச் சிக்கல் எப்போதாவது வருவதன்று. ஒரே இரவில் பல தடவை வரும். 31 ஹேர்ட்ஸ் வரை இறங்கும் பி கம்பியை உடைய ஐந்து கம்பிக் கிற்றார் இருந்தால், அதே விரலமைப்பை நகர்த்தி வாசித்துவிடலாம். எனவே திருவிழா மேடைகளையும் திருமண நிகழ்ச்சிகளையும் நம்பி வாசிப்பவருக்கு ஐந்து கம்பியையே பரிந்துரைப்பேன். விடுதிகளில் பைலாவும் ரெகேயும் வாசிப்பவருக்கும், தேவாலயத்தில் வாசிப்பவருக்கும் நான்கு கம்பி தாராளமாகப் போதும். இரண்டு கட்டைப் பாட்டு வந்தால் ஈ கம்பியை ஒரு முழுச் சுரம் தளர்த்தி டிக்கு இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் மலிவான ஐந்து கம்பிக் கிற்றார்கள் பலவற்றில் பி கம்பி தொளதொளவென்று இருக்கும். அதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பி கம்பியின் ஐந்தாம் பிரெட்டை, அதாவது நெக் எனப்படும் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் ஐந்தாவதை, அழுத்தி வாசியுங்கள்; உடனே ஈ கம்பியைத் திறந்த நிலையில் வாசியுங்கள். இரண்டும் ஒரே சுரம். முதலாவது மங்கலாகவும் இரண்டாவது தெளிவாகவும் கேட்டால், முதலில் புதிய கம்பியோடு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அந்தக் கிற்றாரை வைத்துவிட்டு வாருங்கள். வழக்கமான 34 அங்குலக் கம்பி நீளத்தைவிட 35 அங்குல நீளமுள்ளவற்றில் பி கம்பி விறைப்பாக நிற்கும். கை சிறியவருக்கு முதல் பிரெட்டுகள் கொஞ்சம் எட்டத்தில் இருக்கும் என்பதே அதற்குக் கொடுக்கும் விலை.

பிக்கப்பும் உள்மின்சுற்றும்

இன்று கடைகளில் தொங்கும் பெரும்பாலான கிற்றார்கள், ஃபெண்டர் நிறுவனம் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன், 1960இல் வெளியிட்ட ஜாஸ் என்னும் இரண்டு மாதிரிகளில் ஒன்றையோ இரண்டின் கலப்பையோ பின்பற்றியவை. பிரிசிஷனுக்கு 1957இல் வந்த, இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்), மின் இரைச்சலைத் தானே அடக்கிக்கொள்ளும் வகையில் அமைந்தது. ஜாஸ் மாதிரியின் இரண்டு பிக்கப்புகளும் தனித்தனியே இரைச்சலை வாங்கும். இரண்டின் வொல்யூமையும் சமமாக வைத்தால் மட்டுமே அது அடங்கும், ஒன்றைக் குறைத்த கணமே மீண்டும் எழும். கோயில் வீதி முழுவதும் மின்விளக்கு அலங்காரம் எரிகிற இடத்தில், மங்கல்படுத்தும் சுவிட்சுகளுக்கும் மின்மாற்றிகளுக்கும் நடுவே நின்று வாசித்தவருக்கு இந்த வேறுபாட்டின் பெறுமதி தெரியும். ஆகவே நம் மேடைகளுக்கு நான் முதலிடம் கொடுப்பது பிரிசிஷன் வகைப் பிக்கப்புக்குத்தான். ஜாஸ் வகையின் நெக் ஒடுக்கமானது, கம்பி தொடங்கும் இடத்தில் சுமார் 38 மில்லிமீற்றர் அகலம். விரல் வேகமாக ஓட வேண்டிய எண்பதுகளின் திரைப்பாடல் வரிகளுக்கு அது வசதி. இரண்டு வகைப் பிக்கப்பும் சேர்ந்த யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 போன்ற கிற்றார்கள் தொடக்கநிலைக் கலைஞருக்கு நல்ல சமரசம். ஃபெண்டரின் விலை குறைந்த பிரிவான ஸ்குவையர் கிற்றார்களும் நன்கு செம்மைப்படுத்தப்பட்டால் மேடைக்குப் போதுமானவை.

பற்றரி போடும் ஆக்டிவ் கிற்றார்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவற்றின் ஒலி தெளிவானது. தாழ்வையும் உச்சத்தையும் கிற்றாரிலேயே கூட்டிக் குறைக்கலாம். ஆனால் கேபிள் சொருகப்பட்டிருக்கும் வரை 9 வோல்ற் பற்றரி கரைந்துகொண்டே இருக்கும். இரவு ஒத்திகை முடிந்து கேபிளைப் பிடுங்க மறந்தவர் மறுநாள் மேடையில் ஒலி நெரிந்து அறுவதைக் கேட்பார். ஆக்டிவ் வாங்குவதானால், பற்றரி ஓய்ந்தாலும் வாசிக்க உதவும் பாஸிவ் சுவிட்ச் உள்ளதைத் தேடி வாங்குங்கள். பாஸிவ் கிற்றாருக்குள் இருப்பவை இரண்டு மூன்று கட்டுப்பாட்டுக் குமிழ்களும் ஒரு கொண்டென்சரும் ஒரு ஜாக்கும் மட்டுமே. வானொலி திருத்தும் எவரும் அவற்றைச் சரிசெய்துவிடுவார்.

பழைய கிற்றாரைப் பார்வையிடுதல்

பழையதை வாங்குபவர், அதை ஆம்பில் சொருகுவதற்கு முன் வெறுமனே வாசித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டையும் அழுத்தி, எங்காவது சுரம் செத்துப்போகிறதா, உலோகம் உரசுகிறதா என்று கேளுங்கள். பிறகு ஈ கம்பியை முதல் பிரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாம் எட்டாம் பிரெட்டுகளுக்கு மேலே இருக்கும் இடைவெளியைக் கண் மட்டத்தில் பாருங்கள்: ஒரு விசிட்டிங் கார்ட் மட்டுமட்டாகப் புகும் அளவு, அதாவது 0.3 மில்லிமீற்றர் அளவு, சரியானது. இடைவெளி கூடினால் நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ரொட் என்னும் உலோகத் தண்டின் நட்டைக் கடிகாரத் திசையில் கால் சுற்றுக்கு மேற்படாமல் இறுக்கி, சற்றுப் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். அந்த நட் திரும்ப மறுத்தால், அல்லது ஏற்கெனவே எல்லை வரை இறுக்கப்பட்டிருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

இங்கே வாங்கும்போது, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக் குனிந்து பார்ப்பது கட்டாயம். கடற்கரையில் வாசித்த கிற்றாரில் முதலில் துரு ஏறுவது, கம்பியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சிறிய அலன் திருகுகளில்தான். திருகின் ஆறுமுகக் குழி மழுங்கி, செம்பழுப்புத் தூள் நிரம்பியிருந்தால், கம்பியின் உயரத்தை இனி மாற்றவே முடியாது. பிரிட்ஜ் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். வெளியே பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்தாலும் அந்தக் குழி உண்மையைச் சொல்லிவிடும். குமிழ்கள் கரகரத்தால் கவலை வேண்டாம், கொன்டாக்ட் கிளீனர் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

நின்றபடி, வாருடன் போட்டு, கைகளை எடுத்துப் பாருங்கள். தலைப்பக்கம் தானாகத் தாழ்கிற கிற்றாரை நான்கு மணி நேரம் இடக்கையால் தாங்கி வாசிப்பது மணிக்கட்டுக்குத் தீங்கு. நான்கு கிலோவுக்கு மேற்பட்ட எடையென்றால் அகலமான தோல்வார் வேண்டும்.

டிஐ பெட்டி

கையில் உள்ள பணத்தில் கிற்றாருக்கு அடுத்து வாங்க வேண்டியது ஆம்ப் என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. நம் மேடைகளில் பேஸ் ஒலியைச் சபையிடம் சேர்ப்பது பிரதான ஒலிபெருக்கிகளே. ஆகவே மிக்ஸருக்குப் போகும் சமிக்ஞையை ஒழுங்காக அனுப்பும் டிஐ பெட்டிதான் முதலில் வேண்டும். நீண்ட கேபிளில் சத்தம் ஏறாமல் சமநிலைப்படுத்தி அனுப்புவதும், கிற்றாரின் மின்தடைக்கும் மிக்ஸரின் மின்தடைக்கும் உள்ள பொருத்தமின்மையைத் தீர்ப்பதும் அதன் வேலை. பாஸிவ் கிற்றாருக்கு ஆக்டிவ் டிஐ, ஆக்டிவ் கிற்றாருக்குப் பாஸிவ் டிஐ என்பது நல்ல பொதுவிதி. மிக்ஸரிலிருந்து 48 வோல்ற் பான்டம் மின்சாரம் கிடைக்கும் என்று நம்பியிருக்காமல், பற்றரியாலும் இயங்குவதை வாங்குங்கள். எர்த் இணைப்பை விலக்கும் கிரவுண்ட் லிப்ட் சுவிட்ச் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இரைச்சல் வந்தால் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது அதைத்தான். பணம் இடம் கொடுத்தால், தாழ்வையும் உச்சத்தையும் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடும், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்பிரஸரும் சேர்ந்த பிரிஆம்ப் பெடலாகவே வாங்கிவிடலாம். அப்போது சவுண்ட்காரர் யாராயிருந்தாலும் உங்கள் ஒலி உங்களோடு வரும். கூடவே, மிதித்தால் ஒலியை அடைக்கும் பெடல் ட்யூனர் ஒன்று. இரைச்சலான மேடையில் கிளிப் ட்யூனர்கள் பக்கத்து வாத்தியத்தின் அதிர்வையும் வாங்கிக்கொள்ளக்கூடும்.

ஆம்ப்

திறந்த கடற்கரையில் தாழ்ந்த ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. அதனால் மண்டபத்தில் இடித்துக் கேட்ட அதே ஆம்ப் நிலாவெளி மணலில் மெலிந்து கேட்கும். டிரம்ஸோடு வாசிப்பவருக்கு 300 முதல் 500 வாற் வரையான கிளாஸ் டி என்னும் எடை குறைந்த வகை ஆம்பும், ஒரு 12 அங்குல அல்லது இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டியும் போதும். முச்சக்கரவண்டியில் ஏற்றி இறக்கக்கூடிய எடையில் அவை கிடைக்கின்றன. பெட்டியில் 500 வாற் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 4 ஓமில் கிடைக்கும் அளவு. ஒரு 8 ஓம் பெட்டியை மட்டும் இணைத்தால் ஏறத்தாழப் பாதியளவே வரும். இரண்டு 8 ஓம் பெட்டிகளைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம் ஆகும். மூன்றாவதை இணைத்து ஆம்பை எரித்துவிடாதீர்கள். சீமெந்துச் சுவர் மண்டபங்களில் ஆம்பை மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி பெருகிக் குழம்பும். சுவரிலிருந்து சற்று விலக்கி, நாற்காலி உயரத்தில் வைத்தால் வாசிப்பவரின் காதுக்குத் தெளிவாக எட்டும், வொல்யூமும் குறைவாகப் போதும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்புகள் நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பல 100 வோல்ற் மின்சாரத்துக்கு உரியவை. பின்புறத் தகட்டை வாசிக்காமல் நம் 230 வோல்ற்றில் சொருகினால் கருவி அந்த இடத்திலேயே போய்விடும். மின்பிறப்பாக்கியில் ஓடும் மேடைகளுக்கு, 100 முதல் 240 வோல்ற் வரை தானே ஏற்றுக்கொள்ளும் மின்வழங்கி உள்ள ஆம்புகள் மிகவும் பாதுகாப்பானவை.

மின்சாரம் தொடர்பாக விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று உண்டு. இரைச்சலைக் குறைப்பதற்காகப் பிளக்கின் எர்த் இணைப்பை ஒருபோதும் வெட்டாதீர்கள். எவர் சொன்னாலும் வெட்டாதீர்கள். கம்பியைத் தொட்டபடி மைக்கில் பாடுபவரின் உதட்டில் மின்சாரம் பாய்வது இப்படித்தான். மல்ற்றிமீற்றரை ஏசி வோல்ற் அளவில் வைத்து, ஒரு முனையைக் கிற்றாரின் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் உலோக வலையிலும் வையுங்கள். பத்துக் கணக்கில் வோல்ற் காட்டினால், சரிசெய்யும் வரை வாசிக்கக் கூடாது. ஆம்பும் மிக்ஸரும் ஒரே மின்வழங்கலிலிருந்து, ட்ரிப் சுவிட்ச் ஊடாக எடுக்கப்படுவது நல்லது. மழைக்கால மைதானங்களில் இது உயிர்ப் பிரச்சினை.

கம்பியும் உப்பும்

நிக்கல் பூசிய கம்பிகள் கைக்கு இதமானவை. ஆனால் கடற்கரையில் விரைவில் மங்கும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் நீண்ட நாள் பிரகாசமாக ஒலிக்கும், பிரெட்டுகளைச் சற்றுக் கூடுதலாகத் தேய்க்கும். மேற்பூச்சுள்ள கம்பிகள் விலை கூடியவை என்றாலும், பருவம் முழுவதும் விடுதிகளில் வாசிப்பவருக்குக் கணக்குப் பார்த்தால் அவையே இலாபம். பழைய திரைப்பாடல்களையே பெரும்பாலும் வாசிப்பவர் தட்டையான பிளாட்வவுண்ட் கம்பியைப் போட்டுப் பார்க்கலாம். அதன் உருண்ட ஒலி அந்தப் பாடல்களுக்குப் பொருந்துவதோடு, கம்பியும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். எந்தக் கம்பியானாலும், நிகழ்ச்சி முடிந்த உடனே, பைக்குள் வைப்பதற்கு முன்பே, உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியிலும் செலுத்தித் துடைக்க வேண்டும். வியர்வையும் உப்பும் ஓரிரவில் செய்யும் சேதத்தை அடுத்த நாள் துடைத்து மீட்க முடியாது. பிரிட்ஜ் திருகுகளில் மாதம் ஒரு தடவை ஊசி முனையளவு தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள்.

கச்சான் காற்று வறட்டி வீசும் மாதங்களுக்கும், ஒக்டோபருக்குப் பின்னரான மாரிக்கும் இடையே காற்றின் ஈரப்பதம் பெரிதும் மாறுவதால் நெக்கின் வளைவும் மாறும். இந்த இரண்டு பருவமாற்றங்களின்போதும் மேலே சொன்ன இடைவெளிச் சோதனையைச் செய்து, பன்னிரண்டாம் பிரெட்டில் கம்பியின் உயரம் மெல்லிய ஜி கம்பியின் பக்கம் 2 மில்லிமீற்றர், தடித்த ஈ கம்பியின் பக்கம் இரண்டரை மில்லிமீற்றர் அளவில் நிற்கிறதா என்று பாருங்கள். மாரியில் கிற்றாரைத் தடித்த பஞ்சுப் பையில், நீல நிறச் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு வையுங்கள். மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள், மெல்லிய சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். ஆம்பை வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் இயக்கி வைத்தால் உள்ளே ஈரம் தங்காது.