குமணவும் அறுகம்பையும் ஒரே நாளில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ புறப்பட்டு, குமண தேசிய பூங்காவைச் சுற்றிப் பார்த்து, அறுகம்பையில் கடலில் குளித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று பல குடும்பங்கள் திட்டமிடுகின்றன. இது இயலாத காரியமன்று. ஆயினும் போய் வந்தவர்களிற் பலர், காட்டில் ஒன்றையும் காணவில்லை என்றும் கடல் சரியில்லை என்றும் சலித்துக்கொள்வதைக் கேட்கிறோம். காட்டுக்கும் கடலுக்கும் வெவ்வேறு நேரமும் வெவ்வேறு பருவமும் உண்டு என்பதைக் கணக்கில் எடுக்காமல், வீட்டாருக்கு விடுமுறை கிடைத்த நாளையும் வான் கிடைத்த நேரத்தையும் வைத்துப் பயணத்தை முடிவுசெய்வதே இந்தச் சலிப்புக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

முதற் பிழை புறப்படும் நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேல். அங்கிருந்து பாணமை வழியாகப் பூங்காவின் வாயில் அமைந்துள்ள உகந்தைக்கு மேலும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அக்கரைப்பற்றில் இறங்கித் தேநீரும் குடித்துக்கொண்டு போனால், உகந்தையை அடையும்போது பத்து மணி கடந்திருக்கும். அந்நேரத்தில் யானைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். சிறுத்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பூங்கா காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. அந்த முதல் மூன்று மணி நேரத்தைத் தவறவிட்டவர் மீண்டும் நல்ல காட்சிகளைக் காணப் பிற்பகல் மூன்று மணிவரை காத்திருக்க வேண்டும். ஆகவே மட்டக்களப்பார் இரண்டு மணிக்கே வீட்டை விட்டுப் புறப்படவேண்டும், இல்லையேல் முதல் நாள் இரவே பொத்துவிலிலோ அறுகம்பையிலோ தங்கவேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதே சிறந்தது என்பேன். நித்திரை கெட்ட சாரதி மாலையில் அதே தூரத்தைத் திரும்பவும் ஓட்டவேண்டும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பருவத்தைத் தெரிவுசெய்வதில் நிகழும் பிழை இதைவிடப் பெரியது. டிசம்பர் பாடசாலை விடுமுறையில் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்வது நம்மவரிடம் வழமையாகிவிட்டது. வாடைக்காற்றும் மாரி மழையும் கிழக்குக் கரையைத் தாக்கும் காலம் அது; கடல் கொந்தளிக்கும், பூங்காவுக்குள் இருக்கும் கிரவல் பாதைகள் சேறாகும், எங்கும் தண்ணீர் நிற்பதால் விலங்குகள் ஓரிடத்தில் கூடாமல் சிதறிப்போகும். ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து ஒக்டோபர்வரை கடல் நமக்கு இணக்கமாக இருக்கும். குமணவின் பெயரை உலகறியச் செய்த நீர்ப்பறவைகள் கூடுகட்டுவதும் மே முதல் ஜூலை வரையான மாதங்களிலேயே. கச்சான் காற்று வீசி நீர்நிலைகள் வற்றும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், எஞ்சியிருக்கும் தண்ணீரைத் தேடி யானைகளும் எருமைகளும் மான்களும் திறந்த வெளிக்கு வருகின்றன. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க விரும்புவோருக்கு மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரையான காலமே பொருத்தமானது. வெளிநாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகளையே பார்க்கவேண்டும் என்பவர்கள் மாத்திரம், கடல் ஆசையை விட்டுவிட்டு, மழை ஓய்ந்தபின் பெப்ரவரியை ஒட்டிய நாட்களில் செல்லலாம்.

ஆடி மாதத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. கதிர்காம உற்சவத்தையொட்டி உகந்தமலை முருகன் ஆலயத்திலும் திருவிழா நடைபெறும். காட்டுப் பாதை திறக்கப்பட்டதும் பாதயாத்திரை அடியார்கள் ஆயிரக்கணக்கில் உகந்தையில் கூடி, குமண காட்டினூடாகக் கதிர்காமம் நோக்கி நடப்பார்கள். முருகனைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த காலம் இல்லை. பறவையும் விலங்கும் பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துக்கொள்வது அவர்களுக்கும் நல்லது, அடியார்களுக்கும் நல்லது.

இனி, சிறுத்தைப் பைத்தியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். குமண முன்னர் கிழக்கு யால என்று அழைக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டிலேயே இப்போதைய பெயரைப் பெற்றது. யால என்ற பெயரோடு சிறுத்தை ஒட்டிக்கொண்டிருப்பதால், இங்கும் நுழைந்தவுடன் மரக்கிளையில் சிறுத்தை படுத்திருக்கும் என்ற எதிர்பார்ப்போடு பலர் வருகின்றனர். சிறுத்தைகள் இங்கே இருப்பது உண்மை. ஆனால் மேற்கே உள்ள யாலவைப் போல ஜீப்புகளின் இரைச்சலுக்குப் பழகிப்போனவையாக அவை இல்லை. காட்சி தருவது அவற்றின் விருப்பம். சிறுத்தையை மட்டுமே தேடி ஜீப்பை விரட்டச் சொல்பவர்கள், வழியில் இருக்கும் அத்தனையையும் தூசியோடு கடந்துபோகிறார்கள்.

இந்தக் காட்டின் உயிர் அதன் வில்லிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 200 ஹெக்டயர் பரந்த குமண வில்லு, கும்புக்கன் ஓயா என்னும் ஆற்றிலிருந்து தண்ணீரைப் பெறும் சதுப்பு நிலமாகும். இந்தப் பகுதி 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன் ஆகியன இங்குள்ள மரங்களிலும் கண்டல்களிலும் கூட்டங்கூட்டமாகத் தங்கும். இலங்கையில் மிக அரிதாகிவிட்ட கருங்கழுத்து நாரையைக் காண வாய்ப்புள்ள மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. இந்த வில்லு உகந்தை வாயிலுக்கு அருகில் இல்லை. பூங்காவின் தெற்குப் பக்கத்தில், ஓயா கடலை நெருங்கும் இடத்தை நோக்கி வெகுதூரம் உள்ளே செல்லவேண்டும். "இரண்டு மணித்தியாலத்தில் ஒரு சுற்று" என்று பேசி ஏறுகிறவர்கள் வில்லை எட்டாமலேயே திரும்பிவிடுகிறார்கள். குறைந்தது நான்கு மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். இருநோக்கி ஒன்றை, இரவல் வாங்கியாவது, கொண்டுசெல்லுங்கள். தூரத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் பறவைகளை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு "எல்லாம் கொக்குத்தான்" என்று சொல்லித் திரும்புவதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டிய அவசியம் இல்லை.

வாகனத்தையும் பணத்தையும் பற்றிய தவறுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வீட்டு வானில் வந்தவர்கள் அதிலேயே உள்ளே போய்விடலாம் என்று எண்ணக்கூடாது. நான்கு சில்லு இயக்கமுள்ள வாகனமே அந்தப் பாதைகளுக்குப் பொருந்தும். ஜீப்பை அறுகம்பையிலோ பாணமையிலோ முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பேசும்போது, சொல்லப்படும் தொகை வாகனத்துக்கு மட்டுமா, நுழைவுச்சீட்டும் அதில் அடக்கமா, அரை நாளுக்கா முழு நாளுக்கா என்பதைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். வாயிலில் வாக்குவாதம் வருவது இந்த மூன்றினால்தான். தேசிய அடையாள அட்டையை எல்லோரும் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டை மட்டும் வைத்திருந்தால், அவருக்குரிய கட்டணம் நம்முடையதைவிடப் பன்மடங்கு அதிகமாக இருக்கும். தமிழில் கதைத்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் வரவேண்டாம். பணம் எடுப்பதும் எரிபொருள் நிரப்புவதும் பொத்துவிலோடு முடிந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமையானால், ஜும்ஆ நேரத்தில் பொத்துவிலிலும் வழியிலுள்ள முஸ்லிம் ஊர்களிலும் கடைகள் பூட்டியிருக்கும் என்பதையும் மனதில் வைத்து மதியச் சாப்பாட்டை ஒழுங்குசெய்யுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பொலித்தீனும் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்கும் பூங்காவுக்குள் கொண்டுசெல்லத் தகாதவை. சோற்றுப் பார்சலை வாழையிலையில் கட்டுவதும், தண்ணீரைப் பெரிய போத்தல்களிலோ கலன்களிலோ எடுத்துச் செல்வதும் நம் வீடுகளில் அறியாத வித்தையல்ல. எஞ்சிய உணவைக் குரங்குக்கும் மயிலுக்கும் போடுவது புண்ணியமென்று கருதுகிறவர்கள் உண்டு. மனிதர் கையிலிருந்து தின்னப் பழகிய குரங்கு அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பறிக்கும், கடிக்கவும் செய்யும். உகந்தை ஆலயத்துக்கும் போவதாயின், மச்சச் சாப்பாட்டைக் கோவில் வளவில் அவிழ்த்துவைக்காமல் இருப்பது நன்று. இதை ஒரு விதியாக எழுதவேண்டிய நிலை வந்திருப்பதே வருத்தத்துக்குரியது.

பூங்காவுக்குள் வாகனத்திலிருந்து இறங்கக்கூடாது என்ற விதியைச் சிலர் ஒரு கெடுபிடியாகவே எண்ணுகின்றனர். விலங்குகள் ஜீப்பை ஒரு முழு உருவமாகவே பார்க்கப் பழகியிருக்கின்றன. அதிலிருந்து ஒருவர் இறங்கிய கணத்தில் அந்த உருவம் உடைந்து, அறிமுகமில்லாத ஓர் இரண்டுகால் பிராணி முன்னே நிற்கிறது. அதன்பின் யானை ஓடுமா, துரத்துமா என்பதை வழிகாட்டியாலும் சொல்லமுடியாது. பாட்டைப் போட்டுக்கொண்டு போவதும், ஹோன் அடித்து விலங்கைத் திரும்பிப் பார்க்கச் செய்வதும், மதுப் போத்தலோடு வருவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

கடற்கரைக்கு வருவோம். காட்டில் மிருகங்களுக்கு அஞ்சி அடக்கமாக இருந்த குடும்பம், கடலைக் கண்டதும் எல்லாக் கவனத்தையும் கரையில் கழற்றிவைத்துவிடுகிறது. ஆபத்து அதிகம் இருப்பதோ இங்குதான். உகந்தை ஆலயத்தை அடுத்த கரையும் பாணமைக் கரையும் பார்க்க அழகானவை. ஆனால் உயிர்காப்பாளரோ ஆள் நடமாட்டமோ இருக்கும் என்று நம்பிப் பிள்ளைகளை அங்கே இறக்கிவிட முடியாது. குளிப்பதானால் அறுகம்பைக்கு வந்து, குடாவின் உட்புறத்தில், உள்ளூரார் குளிக்கும் இடத்தில் இறங்குங்கள். அலைச்சறுக்குக்குப் பேர்போன தெற்கு முனைப் பக்கம் அடியில் கற்பாறை. அங்கே தவறிவிழுந்தால் கால் கிழியும், அலைப்பலகையோடு வருபவர்கள் மோதவும் கூடும்.

கடல் ஆளை உள்ளே இழுக்கும் விதத்தை அறியாமையே பல உயிர்களைக் கொண்டுபோகிறது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து தள்ளும் தண்ணீர், ஏதோ ஓர் ஆழமான வழியைத் தேடி மீண்டும் கடலுக்குள் விரைகிறது. அந்த வழியில் அலை உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை புரள, நடுவே மட்டும் கருமையாகவும் அமைதியாகவும் தெரியும். நீந்தத் தெரியாதவர்கள் அதுதான் பாதுகாப்பான இடமென்று பிள்ளைகளை அங்கே இறக்குகிறார்கள். இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேரே நீந்தினால் களைத்துப்போய் மூழ்குவார். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தின் அகலத்தைக் கடந்த பின்னரே கரைக்குத் திரும்பவேண்டும். இறங்குமுன் மீனவர் ஒருவரிடம் "இன்றைக்கு இழுப்பு எப்படி?" என்று கேட்பதற்குக் காசு செலவில்லை.

உப்புத் தண்ணீரைக் கழுவவேண்டும் என்று களப்பில் இறங்குவது இன்னொரு பெருந்தவறு. அறுகம்பையிலிருந்து உகந்தைவரை கரையை ஒட்டிப் பல களப்புகளும் முகத்துவாரங்களும் இருக்கின்றன. முதலைகள் அவற்றில் சாதாரணமாக வாழ்கின்றன. 2017 செப்டெம்பரில் அறுகம்பைக்குத் தெற்கே, யானைப்பாறை எனப்படும் இடத்தை அடுத்த களப்பில், பிரித்தானியப் பத்திரிகையாளர் ஒருவர் முதலையால் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். தண்ணீர் கலங்கலாகவும் அசைவின்றியும் இருக்கும் இடத்தில் கையைக்கூட நனைக்காமல் இருப்பதே புத்தி. கழுவுவதற்கு வாகனத்தில் ஒரு கலன் நன்னீர் இருந்தால் போதும்.

மாலையில் சூரியன் கடலில் மறைவதைப் படம் பிடித்துவிட்டுப் புறப்படலாம் என்று கரையிலேயே காத்திருப்பவர்களையும் காணலாம். நம் கடலில் சூரியன் உதிக்கும்; மறைவது நிலத்தின் பக்கத்தில். இந்தக் காத்திருப்பினால் ஒரு மணித்தியாலம் வீணாகி, பயணம் இருட்டுக்குள் தள்ளப்படுகிறது. பாணமை, உகந்தைப் பக்கத்து வீதியிலும், லகுகலைப் பக்கத்து வீதியிலும் அந்திக்குப் பின்னர் யானைகள் குறுக்கிடுவது வழமை. எனவே காலையில் காடு, பிற்பகலில் கடல் என்ற ஒழுங்கே ஒரு நாள் பயணத்துக்குப் பொருந்தும். காலையில் கடல் பெரும்பாலும் சாந்தமாக இருப்பதால் சிலர் ஒழுங்கை மாற்றுகின்றனர். அப்படியானால் ஆறு மணிக்குப் பூங்காவை விட்டு வெளியேறி, யானை வரும் வீதியில் இருட்டோடு திரும்பவேண்டியிருக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ளவேண்டும். வீதியில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோன் அடிக்காமலும், வெளிச்சத்தை அதன் கண்ணில் பாய்ச்சாமலும், இயந்திரத்தை நிறுத்தாமலும், பின்னோக்கி எடுக்க இடம் வைத்துக்கொண்டும் காத்திருங்கள். வாழைப்பழம் நீட்டுவது, அந்த யானையை வீதியோரத்தில் நின்று வாகனங்களை மறிக்கப் பழக்கும் செயலாகும்.

எவ்வளவு முயன்றும் புறப்படப் பிந்திவிட்டால், குமணவை அன்றைக்கு விட்டுவிடுவதே நேர்மையான தீர்மானம். பொத்துவிலிலிருந்து சியம்பலாண்டுவைக்குச் செல்லும் பிரதான வீதியை அடுத்தே லகுகலை கித்துலான தேசிய பூங்கா இருக்கிறது. 1,500 ஹெக்டயரை ஒட்டிய பரப்புடைய சிறிய பூங்கா அது. குளத்தை மூடி வளரும் புல்லைத் தேடி வரட்சி மாதங்களில் அங்கே யானைகள் பிற்பகலில் கூடுகின்றன. முற்பகலை அறுகம்பையில் கழித்து, மூன்று மணியளவில் லகுகலைக்குச் சென்று, வெளிச்சம் இருக்கும்போதே பொத்துவிலுக்குத் திரும்பி வடக்கு நோக்கிப் புறப்பட்டால், சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள குடும்பத்துக்கு அதிக அலைச்சல் இராது. லகுகலையிலும் குளத்தங்கரையில் இறங்கி யானையை நெருங்க முயலவேண்டாம்; உயர்ந்து வளர்ந்த புல்லுக்குள் நிற்கும் யானை, மிக அருகில் செல்லும்வரை கண்ணுக்குத் தெரியாது.