சினிமாச் செய்தியை வீட்டுக்குள் விடும் முறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பத்தாம்பசலி. மருமகள் வைத்த பெயர், நானும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. கல்யாணம் செய்தால் நிலைக்க வேண்டும், பிள்ளைகள் ஒன்பது மணிக்குள் வீடு வந்து சேர வேண்டும், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் கூடாது என்று நினைக்கிற ஆள். அதற்காகச் சினிமாவே வேண்டாம் என்கிறவன் இல்லை. திருவல்லிக்கேணியில் பிறந்தவன் ஸ்டார் தியேட்டர் பக்கம் போகாமல் வளர்ந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? எனக்குச் சினிமாவோடு சண்டை கிடையாது, சினிமாச் செய்தியோடுதான்.

ஒரு வாரப்பத்திரிகையில் 31 வருடம் ப்ரூஃப் பார்த்தேன். அந்தச் சமையல் எப்படி நடக்கிறது என்று உள்ளேயிருந்து பார்த்தவன். இப்போது வீட்டில் பதினாலு வயதில் பேத்தி, ஒன்பது வயதில் பேரன், கையில் போனோடு என் மனைவி. மூன்று பேரையும் சமாளிக்க நான் கடைப்பிடிக்கிற சில முறைகளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாலைப் பிடித்துப் படியுங்கள்

சினிமாச் செய்தியைத் தலைப்பிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. தமிழ் வாக்கியத்தின் குடுமி அதன் கடைசிச் சொல்லில் இருக்கிறது, அங்கே பிடியுங்கள். ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘பேச்சு அடிபடுகிறது’ என்று முடிந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரே அடி. ‘போனாராம்’, ‘அழுதாராம்’ என்று ‘ஆம்’ ஒட்டியிருந்தால் அதுவும் போகட்டும். ‘நெருங்கிய வட்டாரம்’ எங்கே வந்தாலும் அடியுங்கள். அந்த வட்டாரம் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று 31 வருடத்தில் எனக்குத் தெரியவில்லை. கேள்விக்குறியில் முடிந்தால் யோசிக்கவே வேண்டாம். மிச்சம் நிற்பதுதான் செய்தி.

பேத்தி போன வாரம் இப்படி ஒன்றைப் படித்தாள்: ‘பிரபல ஜோடிக்குள் விரிசல் என்று கூறப்படுகிறது. நடிகை தாய் வீட்டுக்கே திரும்பிவிட்டாராம். இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தையே இல்லை என்கிறது நெருங்கிய வட்டாரம். நேற்று நடிகை சென்னை விமான நிலையத்தில் தனியாகக் காணப்பட்டார். அடுத்த திருமணத்துக்குத் தயாராகிறாரா?’ அவளிடமே பென்சிலைக் கொடுத்தேன். ஐந்தில் நான்கு போயிற்று. ஒரு பெண் விமான நிலையத்தில் தனியாக நின்றார், அவ்வளவுதான் தேறியது. தங்கை பையனை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது நானும்தான் மீனம்பாக்கத்தில் தனியாக நின்றேன். எனக்கும் என் மனைவிக்கும் எந்த விரிசலும் இல்லை.

இந்த வாக்கியங்கள் எப்படிப் பிறக்கின்றன என்றும் சொல்கிறேன். எங்கள் பத்திரிகையில் வியாழக்கிழமை காலை ஃபாரம், அதாவது கோத்து முடித்த பக்கங்கள், அச்சுக்குப் போக வேண்டும். புதன் ராத்திரி ஒன்பது மணிக்குக் கிசுகிசுப் பக்கத்தில் எட்டு வரி காலியாக நிற்கும். சப்-எடிட்டர் டீ கிளாஸை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, ‘மூன்றெழுத்து நடிகையும் உயரமான இயக்குநரும்’ என்று தொடங்கி எட்டு வரியை நிரப்பிவிடுவார். ஒரு தடவை “யார் சார் அந்த நடிகை?” என்று கேட்டேன். “எனக்கென்னய்யா தெரியும், ஒற்று சரியா இருக்கான்னு பாரு” என்றார். அடுத்த வாரம் ஐந்து வாசகர்கள் ஐந்து நடிகைகளின் பெயரை எழுதி, கண்டுபிடித்துவிட்டேன் என்று கடிதம் போட்டிருந்தார்கள். இன்று எட்டு வரிக்குப் பதில் எட்டு நிமிட வீடியோ, முகப்பில் சிவப்பு அம்புக்குறி, ஒரு வட்டம், வாயைப் பொத்திக்கொண்டு ஒரு முகம். சரக்கு அதேதான். ஒற்று பார்க்கக்கூட ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது என்று என் வயதுக்காரர்கள் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1940களில் இதே ஊரில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ நடத்தினார், அப்புறம் ‘இந்து நேசன்’. நடிகர் நடிகையரின் அந்தரங்கம்தான் அதில் விற்பனை. 1944 நவம்பரில் அவரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் இறந்துபோனார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல்தான் விடுதலையானார்கள். பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை. அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யார்? பட்டையும் நாமமும் போட்டுக்கொண்ட நம் தாத்தாக்கள்தான். இதைச் சொன்னால் பூங்காவில் என்னோடு நடக்க வருகிறவர்களுக்குக் கோபம் வருகிறது.

சாவுச் செய்திக்கு அரை நாள் பொறுங்கள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு மூத்த நடிகை காலமானார் என்று, மாலை போட்ட படத்தோடு, காலை ஏழு மணிக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. எல்லோருக்கும் முன்னால் நான் சொல்ல வேண்டும் என்கிற அற்ப ஆசை. குடும்பக் குழுவில் போட்டேன், ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒற்றுப்பிழை இல்லாமல். கும்பகோணத்தில் என் அத்தைக்கு 84 வயது. கல்யாணமான புதிதில் மாமாவோடு பார்த்த முதல் படம் அந்த நடிகை நடித்ததாம். அழுது, இட்லியைத் தொடவில்லை, மாத்திரையும் போடவில்லை. சாயங்காலம் அந்த நடிகை டீவியில் உட்கார்ந்து, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சிரிக்கிறார். அத்தை மகன் போன் செய்து என்ன சொன்னான் என்பதை எழுத முடியாது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். மருத்துவமனையின் அறிக்கை, குடும்பத்தார் வாயால் வந்த வார்த்தை, மறுநாள் காலைப் பேப்பர், இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் வாய் திறப்பதில்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்டில் மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து செப்டம்பர் 25 வரை எத்தனை வதந்தி! மருத்துவமனை அறிக்கையும் அவர் மகன் சரண் பேசிய வீடியோவும் மட்டுமே பார்த்தவர்கள் அந்த நாட்களை ஓரளவு நிம்மதியாகக் கடந்தார்கள். 2021 ஏப்ரலில் விவேக் மறைந்தபோது, இரண்டு நாள் முன்பு போட்டுக்கொண்ட தடுப்பூசிதான் காரணம் என்று பரப்பினார்கள். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு பின்னால் சொன்னது. அதற்குள் எங்கள் தெருவில் இரண்டு பேர் ஊசி வேண்டாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

விவாகரத்துச் செய்தி

இதில் எனக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போவதில்லை. 2024 நவம்பர் 19 அன்று ஏ.ஆர். ரஹ்மானும் சாய்ரா பானுவும் பிரிவதாக அறிவிப்பு வந்தது. 29 வருடத் திருமணம். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருந்தது. அதைவிடக் கஷ்டம், அந்த அறிவிப்பின் அடியில் ஒரு ஹேஷ்டேக். துக்கத்துக்கு எதற்கு ஹேஷ்டேக் என்று கேட்டேன். “மாமா, இருபது வருஷம் முறைச்சுக்கிட்டே ஒரே வீட்ல இருக்கிறது மட்டும் குடும்பமா?” என்றாள் மருமகள். பாதி நியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியில் நான் இன்னும் அசையவில்லை. நட்சத்திரங்கள் பிரியும்போதெல்லாம் ‘துணிச்சலான முடிவு’ என்று கொண்டாடுவதும், ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதாததும் சரியில்லை.

ஆனால் அடுத்த நான்கு நாள் நடந்ததில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. சம்பந்தமே இல்லாத ஒரு இளம் இசைக்கலைஞரை இழுத்துக் கதை கட்டினார்கள். பிள்ளைகள் மறுக்க வேண்டி வந்தது, ரஹ்மான் தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, மும்பையில் சிகிச்சையில் இருந்த சாய்ராவே குரல் பதிவில் ரஹ்மானை நல்ல மனிதர் என்று சொல்லி நிறுத்தச் சொன்னார். பண்பாடு பண்பாடு என்று பேசுகிற எங்கள் ஆட்கள்தான் அந்த வீடியோக்களை அதிகம் பார்த்தவர்கள் என்பது என் சந்தேகம். எங்கள் வீட்டு முறை இதுதான்: அறிவிப்பை ஒரு தடவை படி, ‘அடப்பாவமே’ என்று சொல், மூடு. எதிர்வீட்டில் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவோமே, அந்த மாதிரி.

மனைவியின் போனில் இதே வீடியோக்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. பேத்திதான் வழி காட்டினாள். வீடியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, அந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியே பார்த்தவற்றின் வரலாற்றையும் அழித்துவிட வேண்டும். ஒரு வாரம் விடாமல் செய்தோம். இப்போது வத்தக்குழம்பும் உபன்யாசமும்தான் வருகின்றன. மனைவிக்கு என் மேல் கொஞ்சம் கோபம்.

சில்லறை விஷயங்கள்

வசூல் செய்தி: இத்தனை நூறு கோடி என்பது பெரும்பாலும் கிராஸ், அதாவது வரியையும் சேர்த்து டிக்கெட்டில் வசூலான மொத்தத் தொகை. வரி கழித்தால் நெட். அதில் தியேட்டர்காரர் பங்கு போக மிஞ்சுவது ஷேர். தயாரிப்பாளர் லாபம் அதற்கும் பின்னால் எங்கோ நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் நூறு கோடி என்று குதித்தால், கிராஸா ஷேரா என்று மட்டும் கேளுங்கள். ஆள் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பான்.

முதல் நாள் காட்சி: 2023 ஜனவரியில் கோயம்பேடு ரோகிணி தியேட்டர் வாசலில், லாரி மேல் ஏறி ஆடிய ஒரு ரசிகப் பையன் விழுந்து இறந்தான். எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் நான்காம் நாள் தேவி தியேட்டரில் மாலைக் காட்சி. படம் அதற்குள் கெட்டுப்போய்விடாது.

போலி முகம்: 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனா என்று சுற்றிய லிஃப்ட் வீடியோவில் உடம்பு வேறு ஒரு பெண்ணுடையது, முகம் மட்டும் ஒட்டியது. ஆரம்ப நொடியில் நிறுத்திப் பார்த்தால் முகம் மாறுவது தெரியும் என்று பேத்தி காட்டினாள். ஒரு நடிகையின் ஆபாசமான வீடியோ வந்தால் எனக்கு அனுப்பாதீர்கள், நிஜமோ பொய்யோ.

பிக் பாஸ்: தமிழில் 2017இல் வந்தது. ஏழு சீசன் கமல்ஹாசன், எட்டாவதிலிருந்து விஜய் சேதுபதி. பூந்தமல்லி பக்கம் ஒரு செட்டில் பதினைந்து இருபது பேரை அடைத்து, நூறு நாள் சண்டை போடச் சம்பளம் கொடுக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் ஒட்டுக்குடித்தனத்தில் இருந்த எங்களுக்கு இதை யாரும் காசு கொடுத்துக் காட்ட வேண்டியதில்லை, ஒரு குழாய்க்கு எட்டுக் குடித்தனம். முழுக்கத் தடை போட்டுப் பார்த்தேன், குளியலறையில் போனை வைத்துப் பார்த்தார்கள். அதனால் சமரசம்: சனி, ஞாயிறு தொகுப்பாளர் வருகிற நாள் மட்டும், சாப்பாடு முடிந்த பிறகு.

சான்றிதழும் பூட்டும்

படத்துக்குப் போகும் முன் போஸ்டரில் நடிகர் பெயரைப் பார்க்கிறோம், மூலையில் இருக்கும் தணிக்கை எழுத்தைப் பார்ப்பதில்லை. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பழைய யுஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. இவை பெற்றோருக்கான அறிவுரை, வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். ஏ சான்றிதழ் வேறு. 18 வயதுக்குக் கீழே இருந்தால், கூட அப்பா வந்தாலும் உள்ளே விடக் கூடாது. ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று விளம்பரம் சொன்னாலும் 16+ என்றிருந்தால் பேரனை நான் அழைத்துப் போவதில்லை. டிக்கெட் செயலியிலும் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் இது இருக்கும்.

வீட்டுக்குள் வருகிற ஓடிடிக்கு 2021 விதிகள்படி இதே மாதிரி வயது வரிசை உண்டு. 13+ முதல் மேலே இருக்கும் எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி தந்தாக வேண்டும். வசதி இருக்கிறது, நாம்தான் போடுவதில்லை. செயலியில் கணக்கு அமைப்புக்குள் போய், குழந்தைக்குத் தனி புரொஃபைல் திறந்து, வயது அளவு வைத்து, பெரியவர்கள் புரொஃபைலுக்கு நான்கு இலக்க எண் போட வேண்டும். இரண்டாவதை மறந்தால் முதலாவதால் பயனில்லை, பிள்ளைகள் அப்பா படத்தைத் தொட்டு உள்ளே போய்விடுவார்கள்.

நான் போட்ட எண் என் பிறந்த வருடம். பேரன் மூன்றாவது முயற்சியில் திறந்துவிட்டான். முதலில் அவன் அப்பாவுடையது, அப்புறம் பாட்டியுடையது, பிறகு என்னுடையது என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தானாம். மாற்றிக் கல்யாண வருடம் போட்டேன், வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவின் அடியில் அது எழுதியிருப்பதை மறந்துவிட்டேன். இப்போது மூன்றாவது எண் ஓடுகிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அவனுக்கும் தமிழ் நன்றாகப் படிக்க வரும், சொல்லிக்கொடுத்ததே நான்தான்.