வெளிக்காற்றில் குழந்தையை வண்டியில் தூங்க வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குள் அரை மணி நேரம் தோளில் போட்டுத் தட்டினாலும் கண்ணை மூடாத குழந்தை, தள்ளுவண்டியில் படுக்க வைத்து வாசலைத் தாண்டியதும் சட்டென்று தூங்கிப்போவது உண்டு. சீரான அசைவும், முகத்தில் படும் காற்றும், வெளியிலிருந்து ஓயாமல் கேட்கும் மெல்லிய சத்தமும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஃபின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து போன்ற நாடுகளில் பனிக்காலத்தில்கூடக் குழந்தைகளை வண்டியில் வெளியே படுக்க வைத்துத் தூங்க விடுகிறார்கள். ஃபின்லாந்தில் 1920-களில் குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்போ, குழந்தைக்கு வெளிக்காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று வலியுறுத்தியதிலிருந்து அங்கே இது வேரூன்றிவிட்டது. அந்நாட்டின் ஊலு பல்கலைக்கழகம் பெற்றோர்களிடம் கேட்டு 2008-ல் வெளியிட்ட ஆய்விலும், வெளியே தூங்கும் குழந்தைகள் உள்ளே தூங்குவதைவிட அதிக நேரம் தூங்குகிறார்கள் என்றே பெற்றோர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஆக, பழக்கம் நல்லதுதான். நாம் அதைச் செய்கிற விதத்தில்தான் பிழை வருகிறது. வெளியே தூங்குவதால் கிடைக்கும் நன்மையே ஓடுகிற காற்றுதான். அந்தக் காற்றையே அடைத்துவிட்டுக் குழந்தையைத் தூங்க வைக்கப் பார்க்கிறோம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பலவற்றுக்கும் மூலம் இதுதான்.

வண்டியைத் துணி போட்டு மூடுவது

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், விரிவாகவும் சொல்ல வேண்டும். வெயில் கண்ணில் அடிக்கிறது, போகிற வருகிறவர்களைப் பார்த்துக் குழந்தை முழித்துக்கொள்கிறது என்று ஒரு மெல்லிய பருத்தித் துணியை வண்டியின் குடையிலிருந்து கால்பக்கம் வரை விரித்துப் போட்டுவிடுகிறோம். மெல்லிய துணிதானே, காற்று போகும் என்று நினைக்கிறோம். போகாது. வெயில் பட்டுத் துணி சூடாகிறது, உள்ளே இருக்கும் காற்றும் சூடாகிறது, சூடான காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

ஸ்வீடனின் ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட் நாளிதழ் 2014-ல் இதை ஒரு வெயில் நாளில் சோதித்துப் பார்த்தது. மூடாத வண்டிக்குள் வெப்பம் 22 டிகிரி செல்சியஸ். மெல்லிய துணி போட்டு மூடியதும் அரை மணி நேரத்தில் 34 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 37 டிகிரி. இதமான நாளாகத் தோன்றும் ஒரு பொழுதிலேயே இந்த நிலை. கைக்குழந்தையின் உடல் பெரியவர்கள் உடலைப்போலத் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளாது. போர்வையைத் தள்ளிவிடவோ, தாகம் என்று சொல்லவோ அதற்குத் தெரியாது. உடல் அளவுக்கு மீறிச் சூடாவது, தூக்கத்தில் நிகழும் திடீர்க் குழந்தை இறப்புக்கு அறியப்பட்ட காரணிகளில் ஒன்று. போதாததற்கு, துணி மூடியிருந்தால் குழந்தையின் முகமே உங்களுக்குத் தெரியாது. முகம் சிவந்துவிட்டதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா என்பதெல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

சந்தேகமாக இருந்தால் குழந்தையைப் படுக்க வைக்கும் முன் நீங்களே பார்த்துவிடலாம். வண்டியை வெயிலில் நிறுத்தி, தலை வைக்கும் இடத்தில் ஒரு வெப்பமானியை வைத்து, துணியைப் போட்டு இருபது நிமிடம் விடுங்கள். பிறகு கையை உள்ளே விட்டுப் பாருங்கள், வெப்பமானியையும் பாருங்கள்.

ஈரத்துணி நல்லதா என்று பலரும் கேட்கிறார்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் உலர்ந்த துணி வண்டிக்குள் வெப்பத்தைக் கூட்டியது. மெல்லிய துணியை நனைத்துப் போட்டு, கூடவே சின்ன மின்விசிறியும் ஓடவிட்டபோது வெப்பம் ஏறத்தாழ 5 டிகிரி குறைந்தது. ஆனால் துணி காய்ந்துவிட்டால் அது பழையபடி உலர்ந்த துணிதான். ஆகவே கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் ஈரம் அவ்வளவாக ஆவியாகாது, பலனும் குறைந்துவிடும். விசிறி, குழந்தையின் விரல் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இத்தனையும் செய்தாக வேண்டிய அளவுக்குச் சூடான நாளில் குழந்தையை வீட்டுக்குள்ளேயே தூங்க வைப்பதுதான் சரி என்பது என் கருத்து.

மழைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை இன்னும் மோசம். மழை விட்டதும் அதைக் கழற்ற மறந்து, பின்னாலேயே வெயில் வந்துவிட்டால் வண்டி ஒரு கண்ணாடிக் கூண்டாகிவிடும். மழை நின்றதும், கூரையுள்ள இடத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள்.

வெயிலை மறைக்க வண்டியின் குடையே போதும். போதவில்லையென்றால் கைப்பிடியில் மாட்டும் சின்னக் குடை இருக்கிறது. அல்லது நிழலில் நிறுத்துங்கள். நிழலில் நிறுத்தும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம்: நிழல் நகரும். ஒரு மணி நேரம் கழித்து வெயில் எங்கே விழும் என்று பார்த்து நிறுத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை மீது நேர்வெயில் படவே கூடாது.

அளவுக்கு மீறி உடுத்துவது

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது நீங்கள், அசையாமல் படுத்திருப்பது குழந்தை. அதனால் குளிரான நாளில் நீங்கள் போட்டிருப்பதைவிடக் குழந்தைக்கு ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுவது நியாயமே. நாம் அதோடு நிற்பதில்லை. தொப்பி, காலுறை, ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பளி, அதற்கும் மேல் இன்னொரு போர்வை என்று போய்விடுகிறது. வெயில் நாளில் ஒரே ஓர் அடுக்குப் பருத்தி உடையே தாராளம்.

கையையும் காலையும் தொட்டுப் பார்த்து “ஐயோ, சில்லென்று இருக்கிறதே” என்று இன்னொரு போர்வையை எடுப்பது வழக்கமாக நடக்கும் தவறு. குழந்தையின் கைகால் இயல்பாகவே சற்றுக் குளிர்ந்துதான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக, உலர்ந்து இருந்தால் சரி. சூடாகவோ பிசுபிசுவென்று வியர்த்தோ இருந்தால் உடனே ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும். சில்லென்று இருந்தால் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

போர்வை போடுவதானால் நெஞ்சுக்குக் கீழே நிற்கும்படி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். கழுத்து வரை இழுத்துவிடும் போர்வை, குழந்தை காலை உதைத்ததும் முகத்துக்கு ஏறிவிடும். குழந்தைகளுக்கான உறக்கப் பை இருந்தால் இந்தக் கவலையே இல்லை. குளிரிலிருந்து கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ நுழைந்ததும், தூக்கம் கலைந்துவிடுமே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். தொப்பியையும் போர்வையையும் எடுத்துவிட வேண்டும். இப்படி எடுக்கும்போது பல குழந்தைகள் முழித்துக்கொள்வதே இல்லை. முழித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சாய்ந்த இருக்கையில் தூங்க விடுவது

ஆறு மாதம் வரை குழந்தை வண்டியில் தட்டையாக, மல்லாக்கப் படுத்திருக்க வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்த இருக்கையில் தூங்கும் சின்னக் குழந்தையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தலை மெதுவாக முன்னால் சரிந்து, முகவாய் நெஞ்சில் போய் அழுந்தும். பார்க்கிறவர்களுக்கு அழகாகத் தூங்குவதாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வயதில் மூச்சுக்குழல் மிக மெல்லியது. கழுத்து மடங்கினால் அது ஒடுங்கிவிடும். தலையை நிமிர்த்திக்கொள்ளும் வலு கழுத்துக்கு இன்னும் வந்திருக்காது. முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும்.

காரிலிருந்து கழற்றி அப்படியே சக்கரத்தில் மாட்டும் இருக்கைகளில் இந்த ஆபத்து அதிகம். அவை பயணத்துக்கானவை. காரிலிருந்து இறங்கியதும் தூங்கும் குழந்தையைத் தட்டையான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-ல் புதுப்பித்த தூக்கப் பாதுகாப்பு வழிகாட்டுதலும், கார் இருக்கை, ஸ்ட்ரோலர் போன்று உட்கார்ந்த நிலையில் வைப்பவற்றை வழக்கமான தூக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்றும் சொல்கிறது.

மெத்தை கெட்டியாக, வண்டியின் அளவுக்குப் பொருந்தியதாக இருக்கட்டும். தலையணை, பஞ்சுப் பொம்மை, தலையைப் பிடித்துக்கொள்ளும் என்று விற்கப்படும் வளையம் எதுவும் வேண்டாம்.

பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. “தூங்கத்தானே போகிறது” என்று பெல்ட்டைத் தளர்த்தி விடுவது, அல்லது இடுப்பில் மட்டும் மாட்டித் தோளில் விட்டுவிடுவது ஆபத்தானது. தூக்கத்தில் கீழே நழுவும் குழந்தையின் கழுத்து அந்தத் தளர்ந்த பட்டையில் மாட்டிக்கொள்ளும். இருக்கையில் இருக்கும் குழந்தைக்கு எல்லாப் பட்டையையும் மாட்டி இறுக்கமாகச் சரிசெய்யுங்கள். தொட்டில் வகை வண்டியாக இருந்தால், குழந்தை புரளவோ கையூன்றி எழும்பவோ தொடங்கியதுமே அந்தத் தொட்டிலின் காலம் முடிந்தது.

நேரம் தப்புவது

கொட்டாவி, கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது, பார்வை ஓரிடத்தில் நிலைகுத்துவது எல்லாம் வந்த பிறகு பையைத் தேடி, பால் கலக்கி, செருப்பு மாட்டிக் கிளம்பினால் நேரம் தப்பிவிடும். களைத்துப்போன குழந்தைக்கு வண்டியும் பிடிக்காது, காற்றும் பிடிக்காது. பிறந்த சில வாரங்களில் குழந்தை முழித்திருக்கக்கூடிய நேரமே ஏறக்குறைய ஒரு மணிதான். ஆறு மாத வாக்கில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் தாங்கும். அதைக் கணக்கு வைத்து, முதல் கொட்டாவிக்கு முன்பே குழந்தை வண்டியில் இருக்க வேண்டும்.

கண் மூடியதும் டக்கென்று வண்டியை நிறுத்துவது அடுத்த தவறு. முதல் பத்து, பதினைந்து நிமிடம் தூக்கம் லேசானது. கை தொய்ந்து, மூச்சு சீராகும் வரை தள்ளிக்கொண்டிருங்கள். பிறகு வேகத்தைக் குறைத்து, குறைத்து, நிறுத்துங்கள். அதேபோல முக்கால் மணி நேரம் கழித்துக் குழந்தை நெளிந்து முனகும்போது உடனே தூக்கிவிட வேண்டாம். ஒரு சுற்றுத் தூக்கம் முடிந்து அடுத்த சுற்றுக்குள் போகிற இடம் அது. இரண்டு நிமிடம் பொறுங்கள். இன்னொரு பக்கம், எல்லாத் தூக்கத்தையும் தள்ளிக்கொண்டேதான் தர வேண்டும் என்ற நிலைக்கும் போய்விடாதீர்கள். நின்ற வண்டியிலும் அவ்வப்போது தூங்கிப் பழகட்டும்.

இடம்

தெருவோரத்தில் நடக்கும்போது புகை நம் மூக்குக்கு எட்டுவதைவிட வண்டியிலிருக்கும் குழந்தைக்கு அதிகம் எட்டும். பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் சுட்டிக்காட்டியபடி, வண்டியில் இருக்கும் குழந்தையின் மூச்சு தரையிலிருந்து 55 முதல் 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாகனப் புகைக்குழாயின் மட்டத்துக்கு அது மிகப் பக்கம். சிக்னலிலும் பஸ் நிறுத்தத்திலும் வாகனங்கள் நின்று கிளம்பும் இடங்களைச் சுற்றிக்கொண்டு உள்தெரு வழியாகப் போவது, ஐந்து நிமிடம் கூடினாலும், பிரயோஜனமானது.

நிறுத்தியதும் பிரேக் போடுங்கள், போட்ட பிறகு ஒருமுறை தள்ளிப் பாருங்கள். சரிவில் நிறுத்தவே வேண்டாம். கைப்பிடியில் கனமான பையை மாட்டுவது எல்லோரும் செய்வது. குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்னால் கவிழும், குழந்தை உள்ளே இருக்கும்போதே கவிழ்வதும் உண்டு. பையை அடிக்கூடையில் வையுங்கள். கொசுவலையை விறைப்பாக மாட்டுங்கள். தொங்கும் வலையைக் குழந்தை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். பூனை ஏறிப் படுக்காமல் இருக்கவும் விறைப்பான வலை உதவும்.

பார்வையிலிருந்து விலகுவது

குழந்தை தூங்கிவிட்டது என்று வண்டியை மாடத்திலோ தோட்டத்திலோ விட்டுவிட்டு, அழுதால் கேட்கும் என்று உள்ளே போய்விடுகிறோம். போர்வை முகத்தில் ஏறிய குழந்தை அழாமலே இருக்கலாம். சூடாகிச் சோர்ந்துபோன குழந்தையும் அழாமல் இருக்கலாம். சத்தத்தை நம்ப முடியாது என்பதால்தான் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். கேமரா துணைக்கு இருக்கட்டும், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய் முகத்தையும் பிடரியையும் பாருங்கள். காய்ச்சலோ மூக்கடைப்போ இருக்கும் நாளில் வெளித்தூக்கம் வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தையென்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நான்கு மாத வாக்கில் இன்னொன்று நடக்கும். அதுவரை வெளியே போனதும் தூங்கிய குழந்தை, இலை ஆடுவதையும் நாய் ஓடுவதையும் பார்த்துக்கொண்டு கண்ணை மூடவே மறுக்கும். துணியை எடுத்து மூடிவிடலாமா என்று கை துறுதுறுக்கும் நேரம் அது. வண்டியைத் திருப்பி, ஆள் நடமாட்டம் குறைந்த, வெறும் சுவரோ மரமோ மட்டும் தெரிகிற பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். வண்டியின் குடையை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். கால் மணி நேரத்தில் தூங்கவில்லையென்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அன்றைய பகல் தூக்கம் உள்ளேயே நடக்கட்டும். இரண்டொரு நாள் கழித்து மறுபடி முயன்று பார்க்கலாம்.