தொட்டாலும் அடங்காத கிட்டார் இரைச்சல்: பிரிட்ஜ் எர்த் வயரைப் பாருங்கள்

என் எலக்ட்ரிக் கிட்டாரில் இரைச்சல். கம்பிகளைத் தொட்டால் குறையவில்லை. கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைந்தது. இடையிலிருந்த எஃபெக்ட் பெடல்களை நீக்கி ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) நேரடியாகச் செருகியும் அதேதான். ஆக, கோளாறு கிட்டாருக்குள்ளே.

கேபிளை உருவிவிட்டு, பிரிட்ஜுக்கும் (கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம்) ஜாக்கின் ஸ்லீவ் முனைக்கும் (எர்த் சேரும் முனை) இடையே மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். இணைப்பே இல்லை என்றது. பிரிட்ஜின் அடியில், கம்பிகளை எர்த்தோடு இணைக்கும் எர்த் வயர் களிம்பேறி விட்டுப்போயிருந்தது. முனையைப் புதிதாகச் சீவி, பெயிண்ட் இல்லாத உலோகத்தில் படும்படி திருகியதும் சரியானது. பெயிண்ட் மேல் பட்டால் பயனில்லை. மறுமுனையை வால்யூம் பாட்டின் (ஒலியளவுக் குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) முதுகில் பற்றவைக்க 40 வாட் சால்டரிங் அயர்ன் நல்லது. சூடு போதாவிட்டால் ஈயம் ஒட்டியதுபோல் தெரியும், ஆனால் பிடிக்காது.

சிங்கிள் காயில் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள் பாகம்) இயல்பான முனகல் இதனால் போகாது. அதற்காக ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை ஒருபோதும் துண்டிக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.